மூன்றாம் நாள் கரி

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

இருபது தடவையாவது போனில் கூப்பிட்டிருப்பேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள். உங்கள் பெயரை எடுத்தால் முன்போல் எழுந்து உள்ளே போய்விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கரி ஆலைக்குப் பெரிய வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது. கப்பல் கம்பெனிக்காரர்கள் அண்ணன் போன அந்தப் பழைய தீ விபத்தைக் கிளறுகிறார்கள். நம் கரி தானாகவே சூடேறித் தீப்பற்றுகிற வகையா, சாதாரணச் சரக்கா என்று கேட்கிறார்கள். தீப்பற்றுகிற வகை என்று போட்டுவிட்டால் வாங்குகிறவன் ஓடிப்போவான். சாதாரணச் சரக்கு என்று நிரூபிக்க என்னிடம் இருப்பது லேபில் நீங்கள் சோதித்துக் கொடுத்த பழைய அறிக்கை ஒன்றுதான். விசாரணையில் எல்லோரும் உங்கள் சோதனை தவறு என்று சொன்னார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை அண்ணி. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

இரண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒன்று, அன்று நீங்கள் செய்த சோதனை சரியானது. இரண்டு, அண்ணனுக்குச் சிகரெட் பழக்கம் உண்டு, சரக்குப் பக்கத்தில் நின்று புகைப்பான். மனைவியே சொன்னால் மறுபேச்சு ஏது? தீ வெளியிலிருந்து வந்தது என்று ஆகிவிடும். உங்கள் பெயரில் உள்ள கறையும் போய்விடும், லேபில் பழைய வேலையும் கிடைக்கும். போனவன் திரும்பி வரப்போவதில்லை. இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டாமா?

என்றும் உங்கள் தம்பி


பிப்ரவரி 15

கரி ஆலை முதலாளி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் இப்போது ஒரு பெயிண்ட் கிடங்கில் இருக்கிறேன். எந்த டின் எதன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பார்த்து அடுக்கச் சொல்வது என் வேலை. புருஷனைச் சோதனை போட்டுக் கொன்றவள் என்று இங்கே யாரும் என்னைச் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் அண்ணன் சிகரெட்டை விட்டு அப்போதே ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு மூச்சிரைப்பு வந்த வருடம் விட்டார். விட்ட பிறகும் ஒன்றைக் காதில் செருகிக்கொண்டு திரிவார், பற்றவைக்க மாட்டார். "பக்கத்துல இருந்தாத்தான் ஜெயிச்ச மாதிரி இருக்கு" என்பார். நீங்கள்தான் அதை வைத்து அவரைக் கேலி செய்துகொண்டே இருப்பீர்கள். மறந்துபோயிருக்காது.

அந்தச் சோதனையை நானும் மறக்கவில்லை. பத்து சென்டிமீட்டர் சதுரக் கம்பிவலைக் கூடை. அது நிறையக் கரி, நடுவில் சூடு காட்டும் கம்பி. அடுப்பில் நூற்று நாற்பது டிகிரியில் முழுசாக ஒரு நாள். நடுவில் சூடு இருநூறைத் தாண்டினால் அது தானே சூடேறும் பொருள், லாரியிலும் கப்பலிலும் அபாய அட்டை ஒட்டித்தான் போக வேண்டும். உங்கள் கரி நூற்று ஐம்பத்தொன்று வரை ஏறியது, பிறகு இறங்கிவிட்டது. மத்தியானம் உங்கள் அண்ணன் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, "என்ன அடுப்புக்காரி, இன்னுமா வேகல உன் கரி?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் அறிக்கை கொடுத்த மறுநாள் அந்தக் கரியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வழியில் எரிந்தார்.

கூடையைச் சரியாக நிரப்பினேனா, கம்பி நடுவில் இருந்ததா, அடுப்புக் கதவு இறுக மூடியிருந்ததா என்று ஏறக்குறைய மூன்று வருடமாக என்னையே குடைந்துகொண்டிருக்கிறேன். என் மேலதிகாரி என்னை நம்பவில்லை. அத்தை நம்பவில்லை. நானே நம்பவில்லை. நீங்கள் மட்டும் சோதனை சரியானது என்கிறீர்கள். அவ்வளவு நிச்சயமாக உங்களுக்கு எப்படித் தெரியும்?

போனில் கூப்பிட வேண்டாம், எடுக்க மாட்டேன். எழுதினால் படிக்கிறேன்.


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

முதலாளி அவர்களுக்கா? உங்கள் கையால் எத்தனை வருடம் சாப்பிட்டிருக்கிறேன்! பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்த அன்று அண்ணனிடம் மாட்டிவிடாமல் உங்கள் அறையில் ஒளித்துவைத்தீர்களே, அந்தப் பையன்தான் நான். என்னைப் போய் 'நீங்கள்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான். வேறென்ன?

சிகரெட்டைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். விட்டவன் ஒருநாள் ஆசைப்பட்டுப் பற்றவைத்திருக்க மாட்டானா? யார் பார்த்தார்கள்?

அம்மாவிடம் உங்களுக்கு எழுதுகிறேன் என்று சொன்னேன். "அவளை மன்னிச்சுட்டேன்னு எழுது" என்றாள். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த இரண்டு வரியை டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மார்ச் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது.

உங்கள் தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

அத்தை என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை வாசித்தேன்.

நீ டைப் அடித்து அனுப்பிய முதல் வரி எனக்கு அப்படியே சம்மதம். இரண்டாவது வரிதான் தொண்டையில் நிற்கிறது. அது இறங்குவதற்கு நீ எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும்.

அன்று போலவே ஒரு லோடு அனுப்பு. சூளையிலிருந்து எடுத்து மூன்றாம் நாள் கரி, இருபது டன், அதே மாதிரி அடைத்த இரும்புப் பெட்டி, அதே சாலை, துறைமுகம் வரை இரண்டு நாள் ஓட்டம். டிரைவர் பக்கத்து இருக்கையில் நீ உட்கார்ந்து போ. போய் இறங்கியதும் எனக்கு ஒரு வரி எழுது. அன்றைக்கே இரண்டு வரிக்கும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

உன் அண்ணன் போன பாதையில் நீ ஒரு தடவை பத்திரமாகப் போய் வந்தால் என் மனசு ஆறும். பொம்பளைப் பைத்தியக்காரத்தனம் என்று வைத்துக்கொள். சாதாரணச் சரக்குதானே, உனக்கென்ன பயம்?

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

'தம்பிக்கு' என்று பார்த்ததுமே பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதியைப் படித்துச் சிரித்துவிட்டேன். இதற்காகவா இவ்வளவு யோசித்தீர்கள்? உங்களுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டேனா?

ஆனால் ஒன்று. எனக்கு முதுகில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், லாரியில் இரண்டு நாள் குலுங்கினால் படுத்தபடுக்கைதான். புது டிரைவரை அனுப்புகிறேன். தங்கமான பையன், போய்ச் சேர்ந்ததும் துறைமுக ரசீதை அனுப்பிவைப்பான்.

நான்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், மூன்றாம் நாள் கரி எதற்கு? பின் கொட்டகையில் நாலு மாதமாக ஆறிக் கிடக்கிற பழைய குவியல் இருக்கிறது, அதை ஏற்றிக்கொள்கிறேன். கரி கரிதானே? அதன் மேல் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே துறைமுகம் வரை போய் வருகிறேன், போதுமா?

தேதி நெருங்குகிறது அண்ணி.

உங்கள் தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

பழைய குவியல் என்றால் பாய் விரித்துப் படுப்பாய். மூன்றாம் நாள் கரி என்றால் முதுகு வலிக்கிறது. நல்ல முதுகு.

உனக்கு ஒன்று சொல்கிறேன். லேபில் எந்தச் சாம்பிளையும் முழுசாகச் சோதிக்க மாட்டார்கள். பாதியைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஒரு வருடம் வைத்திருப்பார்கள், பிறகு குப்பைக்குப் போகும். அன்று நீ அனுப்பிய கரியில் மீந்தது குப்பைக்குப் போன அன்று, லேபைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா அதை எடுத்து எனக்குக் கொடுத்தாள். பாவம், நினைவுப் பொருள் என்று நினைத்துவிட்டாள். அலமாரி மேல் வைத்து ஏறக்குறைய இரண்டு வருடமாக அந்தப் பக்கமே திரும்பவில்லை. உன் முதல் கடிதம் வந்த அன்றுதான் இறக்கி ஒரு தட்டில் கொட்டினேன்.

எல்லாம் நீள நீளச் சில்லு.

உன் ஆலையில் அந்த வருடம் ஜனவரியில் சல்லடையை மாற்றினாய். புதுச் சல்லடையை ஏற்றி வந்ததே உன் அண்ணன்தான். "இனிமே நீளச் சில்லு கிடையாது, மிளகு மாதிரி உருண்டையா விழும்" என்று எனக்கு உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவர் போனது ஏப்ரலில். ஏப்ரல் மாதச் சரக்கின் சாம்பிள் ஜனவரிக்கு முந்திய சில்லாக எப்படி வந்தது, தம்பி?

பயப்படாதே. இந்தப் புட்டியை வைத்து யாரிடமும் எதையும் நிரூபிக்க முடியாது. சீல் உடைந்தது, இத்தனை நாள் என் வீட்டில் இருந்தது, நானே மாற்றி வைத்தேன் என்பார்கள். எனக்கு வேண்டியது வேறு. காலையில் எழுந்தால் என் கையால்தான் அவர் செத்தார் என்று நினைத்துக்கொண்டு எழுகிறேன். அது பொய் என்று உன் வாயால் எனக்குத் தெரிய வேண்டும். அன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுது. சல்லடை, சாம்பிள், லோடு, எல்லாம். லாரியில் போக வேண்டாம், முதுகைப் பார்த்துக்கொள். நீ எழுதிவிட்டால் அடுத்த தபாலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். சத்தியம்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

சத்தியம் என்று எழுதியிருப்பதால் எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வார்த்தை மாறி நான் பார்த்ததில்லை. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அன்று கப்பலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சூளையிலிருந்து வருகிற புதுக் கரியைப் பரப்பிப் பதினாலு நாள் காற்றாட விட்டால்தான் அதன் சூடு அடங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு நேரம் இல்லை. புதுக் கரி உங்கள் கூடையில் தேறாது என்று எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு மாதம் முன்னால் வேறொரு லேபில் ரகசியமாகக் கொடுத்துப் பார்த்தேன், நடுச்சூடு இருநூற்று எழுபதுக்குப் போய்விட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பின் கொட்டகைப் பழைய குவியலிலிருந்து ஒரு பை அள்ளி உங்கள் லேபுக்கு அனுப்பினேன். சல்லடை மாற்றியதை யோசிக்கவில்லை. உங்கள் லேபுக்கு ஏன் என்றால், நீங்கள் கையெழுத்துப் போட்டால் யாரும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்கள்.

லோடு ஏற்றும்போது மேஸ்திரி வந்து, "மூட்டை எல்லாம் கதகதன்னு இருக்கு, ரெண்டு வாரம் பொறுங்க" என்றார். கத்தி அனுப்பினேன். அண்ணனை அனுப்புவதாக இல்லை, இதை மட்டும் நம்புங்கள். வர வேண்டிய டிரைவருக்குக் காய்ச்சல். அண்ணன் தானாக வந்து சாவியைக் கேட்டான். "அடுப்புக்காரி பாஸ் பண்ணின சரக்குடா, கண்ணை மூடிட்டு ஓட்டலாம்" என்று சிரித்தான். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஆனால் அவன் மேலும் தப்பு இருக்கிறது அண்ணி. வழியில் புகை நாற்றம் வந்தால் பெட்டிக் கதவைத் திறக்கலாமா? காற்று உள்ளே போனதும்தான் குபீரென்று பிடித்தது. திறக்காமல் தள்ளி நின்றிருந்தால் சரக்கோடு போயிருக்கும். லாரி ஓட்டுகிறவனுக்கு அது தெரியாதா?

எழுதிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஒப்புக்கொண்டபடி கையெழுத்தை அனுப்புங்கள்.

தம்பி


ஏப்ரல் 3

சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டு, அதன் நகலை உனக்கு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். 'அன்று நான் செய்த சோதனை சரியானது.' உன் வாசகம்தான், ஓர் எழுத்தை மாற்றவில்லை. சிகரெட் வரியை மட்டும் அடித்துவிட்டு, 'ஏன் சரியானது என்பதற்கு இணைப்பைப் பார்க்கவும்' என்று கையால் எழுதியிருக்கிறேன். இணைப்பு, மார்ச் 25 தேதியிட்ட உன் கடிதம். விசாரணை அதிகாரிக்கு அசல் போயிருக்கிறது. கப்பல் கம்பெனிக்கு ஒரு நகல். அத்தைக்கு ஒன்று.

போனில் கூப்பிட வேண்டாம் என்று ஏன் எழுதினேன் என்று இப்போது புரிந்திருக்கும். போனில் நீ எதைச் சொல்லியிருந்தாலும் காற்றோடு போயிருக்கும். எனக்கு உன் கோழி கிளறின எழுத்துதான் வேண்டியிருந்தது. அது யாருடையது என்று உன்னைப் பெற்றவளுக்குச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டாம்.

நீ அந்த லாரியில் ஏறியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்பாயா? நீ ஏறமாட்டாய் என்று தெரிந்துதான் கேட்டேன். உன்னை வளர்த்ததில் எனக்கும் பங்கு உண்டு.

கதவைத் திறக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுத்தான் அசலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், அதற்கு முன்புவரை கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவருக்குத் தெரியும். பெட்டியில் 'தானே தீப்பற்றும் பொருள்' என்ற அட்டை ஒட்டியிருந்தால் நூறு அடி தள்ளி நின்று தீயணைப்புக்குப் போன் செய்திருப்பார். அட்டை இல்லை. தாளில் சாதாரணச் சரக்கு என்று இருந்தது, அடியில் என் கையெழுத்து இருந்தது. எங்கோ பிரேக் சூடாகியிருக்கிறது, மூட்டையைக் காப்பாற்றலாம் என்று நினைத்துத் திறந்திருப்பார். உன் மூட்டை. என்னை நம்பித்தான் திறந்தார். அந்த நம்பிக்கையை நீ ஒரு பை கரிக்கு எடுத்துக்கொண்டாய். பிறகு மூன்று வருடம் நான் அழுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். கடைசியில் செத்தவர் மேல் சிகரெட்டையும் போடச் சொன்னாய்.

உன் மேல் எனக்கு இரக்கம் இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். அறைக்குள் ஒளித்துவைத்த அந்தப் பையனைக்கூட நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே அவனை உன் அண்ணனிடம் பிடித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அடுப்பில் போடச் சொன்னாய். போடவில்லை.


ஏப்ரல் 12

நீங்கள் அம்மாவுக்கு அனுப்பிய உறையைத் தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் மூக்குக்கண்ணாடி உடைந்து ரிப்பேருக்குக் கடையில் இருக்கிறது. "யாருடா எழுதியிருக்கா, வாசி" என்று என்னிடம் நீட்டினாள். பிரித்தால் என் எழுத்து. வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், ஆனால் அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். கண்ணாடி இல்லாமலே அது என் எழுத்து என்று தெரிந்துகொண்டாள். வாசித்தேன். சாவி கேட்ட இடத்தில் நிறுத்தினேன். "முழுசா வாசி" என்றாள்.

அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆலைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். மேஸ்திரி தானாகவே போய் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கப்பல்காரன் என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டான்.

இப்போது உங்களுக்குத் திருப்திதானே?


ஏப்ரல் 17

இல்லை.

இன்றோடு மூன்று வருடம். காலையில் எழுந்தபோது, என் கையால் அவர் சாகவில்லை என்ற நினைப்போடு எழுந்தேன். பல் தேய்க்கும்வரை நன்றாக இருந்தது. பிறகு, உன் கையால் செத்தார் என்பது நினைவுக்கு வந்தது. அதில் எனக்கு என்ன திருப்தி இருக்கும் என்று நினைக்கிறாய்?

நேற்று போன் அடித்தது, எடுத்தேன். அத்தை. "உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதச் சொன்னேனே, பாவி நான்" என்று அழுதார். அதற்கப்புறம், மறுபடி நடக்கப்போகிற விசாரணைக்கு வந்தால் பக்கத்தில் உட்கார இடம் பிடித்து வைப்பாயா என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் தேதி, காலை பத்து மணி. முன் வரிசையில் நாங்கள் இருவரும் இருப்போம். உன் கடிதத்தை உன்னையே வாசிக்கச் சொல்லும்படி அதிகாரியிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். சத்தமாக வாசி. அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.